கொத்தளமும் குடற்காய்ச்சலும்
(வடசென்னையின் நோய்க்காப்பு வரலாறு பற்றிய ஓர் ஆய்வு)

சென்னை மாநகரின் வடபால், பேசின் பாலத்தை அடுத்து, மூலக்கொத்தளம் என்னும் பகுதி அமைந்துள்ளது. 1939ஆம் ஆண்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகிய இருவரின் நினைவிடங்கள் இங்குள்ள இடுகாட்டில் இருத்தலால் தமிழுலகம் இவ்விடத்தை நன்கு அறியும். ஆயினும் இவ்வூர்ப்பெயருள் மற்றொரு வரலாறும் பொதிந்து கிடக்கின்றது. ஒரு நகரம் தன்னைக் காத்துக்கொள்ள முயன்ற வரலாறே அது. கண்ணுக்குப் புலனாகும் பகையைத் தடுக்க மதில் எழுப்பிய நகரம், கண்ணுக்குப் புலனாகாத பகையைத் தடுக்க நெடுங்காலம் வழியறியாது நின்றது. வழியறிந்த பின்னரும் அவ்வழியை எல்லார்க்கும் பொதுவாக்க நெடுநாள் எடுத்துக்கொண்டது. அப்பகையுள் ஒன்று சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரியால் விளையும் குடற்காய்ச்சல். இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடப்பெயரும் மதிலும்

கொத்தளம் என்பது மதிலினின்று வெளியே புடைத்து நின்று, பகைவரை மூன்று பக்கத்தும் தாக்குதற்கு இடந்தரும் அரண் உறுப்பு. கோட்டை கொத்தளம் என்னும் இணைமொழி இன்றும் வழக்கில் உண்டு. மதில் இருபுறமும் மடங்கும் மூலையில் அமைந்த கொத்தளம் மூலைக்கொத்தளம் எனப்பட்டது. 'மூலை' என்பதன் ஈற்று ஐகாரம் பேச்சு வழக்கில் குறுகித் தேய்ந்து 'மூல' என நின்றது எனக் கொள்ளலாம். முதற்பொருளைத் தரும் 'மூலம்' என்னும் சொல்லுக்கும் இப்பெயர்க்கும் தொடர்பு காண்டற்கு இடமில்லை. நகரின் பழைய மதில் வடக்கினின்று தெற்காக மடங்கிய வடமேற்கு மூலையை ஒட்டியே இப்பகுதி இருத்தல் இம்முடிபுக்கு அரணாகும்.

அம்மதில் எழுந்த காரணம் வெளிப்படை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலி மீண்டும் முற்றுகையிட்டான். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு வெறுவெளியாக விடப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அவ்வெளியிலேயே ஆகும். குடிகள் வடக்கே பெயர்ந்து புதிய கறுப்பர் நகரை அமைத்தனர். 1767இல் மைசூர்க் குதிரைப்படை நகர்ப்புறம் வரை வந்து மீண்டது. 1769இல் ஐதர் அலியே நகரின் வாயிலில் நின்று உடன்படிக்கை செய்துகொண்டான். இதனை ஒட்டிய ஆண்டுகளில் புதிய நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவை ஈடுசெய்யக் குடிகள்மீது வரி விதிக்க எண்ணினர். அவ்வரி தண்டப்படவில்லை, எனினும் வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டு இராயபுரத்தை அடுத்த இப்ராகிம் சாகிப் தெருவில் மாடிப் பூங்காவாக எஞ்சியுள்ளது. கொத்தளம் இன்று இல்லை. பெயர் மட்டும் உண்டு.

ஏழுகிணறு

மதில் எழுந்த காலத்திலேயே நீரைப் பற்றிய கவலையும் எழுந்தது. முற்றுகையின்போது கோட்டையில் உள்ளார் குடிக்க நன்னீர் வேண்டும். 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் கறுப்பர் நகரின் வடபகுதியில் கிணறுகள் தோண்டி, அந்நீரைக் குழாய் வழியே கோட்டைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் செய்தார். தோண்டியவை பத்து, பயன்பட்டவை ஏழு. அதனாலேயே அவ்விடம் ஏழுகிணறு எனப் பெயர்பெற்றது. மூலக்கொத்தளத்திற்குச் சற்றுத் தென்கிழக்கே மதிலின் உட்புறத்தில் அது அமைந்திருந்தது.

இவ்வேற்பாட்டின் இயல்பை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கிணறுகள் இருந்தது குடிகளின் நகரில். நீர் சென்றது கோட்டைக்கு. கிணற்றைச் சூழ வாழ்ந்தோர் தத்தம் வீட்டுக் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். நெருங்கிய குடியிருப்பில் உண்கிணறும் கழிவுக்குழியும் அருகருகே இருத்தல் தவிர்க்க இயலாதது. மணற்பாங்கான நிலத்தில் ஒன்றின் ஊற்று மற்றொன்றில் கலத்தல் எளிது. அந்நாளில் அதன் தீமையை உணர்ந்தார் எவரும் இலர். கிணற்றில் பகைவர் நஞ்சிடுதலை அஞ்சியோர், குடியிருப்பே தன் கிணற்றில் நஞ்சிடுதலை அறிந்திலர்.

நோயின் பெயர்கள்

இனி, நோயின் பெயரை ஆராய்வோம். காய்ச்சல் என்பது 'காய்' என்னும் வினையடியாகப் பிறந்த சொல். உடல் வெம்மையுறுதலை மட்டும் அது உணர்த்தும். சுரம் என்பது வடமொழிவழி வந்தது. விட்டுவிட்டு வருவதை முறைக்காய்ச்சல் என்றும், நடுக்கத்தோடு வருவதைக் குளிர்காய்ச்சல் என்றும் மக்கள் பிரித்தறிந்தனர். இவ்விரண்டும் பெரும்பாலும் இன்று மலேரியா எனப்படுவதைச் சுட்டும். விடாது நின்று வாரக்கணக்கில் உடலை உருக்கி, நோயாளி தன்னை மறந்து பிதற்றும் நிலைக்குக் கொண்டுசெல்லும் காய்ச்சலைச் சன்னி என்றனர். முக்குற்றமும் ஒருங்கே மிகுதலைக் குறிக்கும் சன்னிபாதம் என்னும் மருத்துவச் சொல்லின் சிதைவு அது.

மேனாட்டார் வைத்த பெயரும் இதனை ஒத்ததே. டைபாய்டு என்பதன் அடியாகிய கிரேக்கச் சொல் புகை என்றும், அறிவை மூடும் மயக்கம் என்றும் பொருள்படும். தமிழரும் கிரேக்கரும் நோயாளியின் மயக்கத்தையே கண்டு பெயரிட்டனர் என்பது ஈண்டு அறியத்தக்கது. நோயின் இடம் குடல் என்பது பிணக்கூறு ஆய்ந்த பின்னரே துணியப்பட்டது. 1850ஆம் ஆண்டை ஒட்டி வில்லியம் ஜென்னர், பேன்வழிப் பரவும் டைபஸ் வேறு, குடலைப் புண்ணாக்கும் டைபாய்டு வேறு எனப் பிரித்துக் காட்டினார். குடற்காய்ச்சல் என்னும் தமிழ்ச்சொல் இப்புதிய அறிவின் வழி வந்த ஆக்கமாகும்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைத்தல் தகும். 1847இல் ஈழம் வந்த அவர், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மேலை மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உடற்கூறு, உடலியக்கம், நலம்பேணல் ஆகிய மூன்றனையும் கூறும் நூலுக்கு 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலனம்' எனப் பெயரிட்டார். நோய் வாராமற் காத்தலை உற்பாலனம் என்றார். அச்சொல் வழக்கில் நிலைபெறவில்லை. எனினும் நோய் தீர்த்தலினின்று நோய் தடுத்தலை வேறு ஒரு துறையாகத் தமிழில் பெயரிட்டு நிறுத்திய முயற்சி அது. கிறீன் மறைந்தது 1884இல். செருமனியில் காவ்கி என்பார் குடற்காய்ச்சலின் நுண்ணுயிரியை முதன்முதல் தனித்து வளர்த்துக் காட்டியதும் அவ்வாண்டே. நோயின் காரணம் புலப்படுமுன்னரே தடுப்பின் சொல் தமிழில் அமைந்துவிட்டது எனலாம்.

நுண்ணுயிரியின் பெயர்

குடற்காய்ச்சலின் நுண்ணுயிரியை 1880இல் கண்டவர் எபர்த். அமெரிக்காவில் பன்றிகளைக் கொன்ற ஒரு நோயை ஆய்ந்த தியபால்டு சிமித் 1885இல் அதற்கு இனமான மற்றொன்றைப் பிரித்தார். அவர் பணியாற்றிய துறையின் தலைவர் டேனியல் சால்மன் என்பவர். 1900இல் இவ்வினத்துக்குச் சால்மோனெல்லா எனப் பெயரிட்டபோது தலைவரின் பெயரே நிலைத்தது. அப்பன்றிநோயின் மெய்க்காரணம் வேறொரு வைரசு எனப் பின்னர்த் தெளியப்பட்டது. பிழையான இடத்தில் பிறந்து, ஆய்ந்தவரை விடுத்து மற்றொருவரைச் சுட்டி நின்ற பெயர் இது. 1888இல் கெர்ட்னர், நோயுற்ற மாட்டின் இறைச்சியை உண்டோர் கூட்டமாக நோயுற்ற நிகழ்ச்சியை ஆய்ந்து, உணவுவழி வரும் மற்றொரு வகையைக் கண்டார்.

இன்று இவ்வினத்துள் 2500க்கு மேற்பட்ட உள்வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். குடற்காய்ச்சலைத் தருவன மனிதரிடம் மட்டுமே வாழ்வன; ஒருவர் கழிவு மற்றொருவர் வாய்ப்புகுந்தாலன்றிப் பரவா. நோய் வெளிப்பட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகலாம். எஞ்சியவை கோழி, மாடு, பன்றி முதலியவற்றின் குடலில் வாழ்வன. முட்டை, இறைச்சி, பால் வழியாக வந்து, சில மணி நேரத்தில் அல்லது மூன்று நாளுக்குள் வாந்தி, கழிச்சல், காய்ச்சல் ஆகியவற்றைத் தருவன. முன்னையது நகரின் நீரையும் கழிவையும் பற்றிய நோய்; பின்னையது பெரும்பாலும் அடுக்களையையும் அங்காடியையும் பற்றிய நோய்.

பதிவேட்டில் மறைந்த நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டின் இறப்புப் பதிவுகளில் வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுநோய் என்னும் சில தலைப்புகளே இருந்தன. 'காய்ச்சல்' என்னும் ஒரு சொல்லில் மலேரியாவும் குடற்காய்ச்சலும் பிறவும் ஒருங்கே அடங்கின. படைவீரர்க்கோ இந்நிலை இல்லை. 1863இல் வெளியான அரச ஆணைக்குழுவின் அறிக்கை, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினருள் ஆண்டுக்கு ஆயிரவர்க்கு 69 பேர் இறந்தனர் எனக் காட்டிற்று. அதன்பின் படைமுகாம்களின் நீர், கழிவு, இருப்பிடம் ஆகியன ஆராயப்பட்டன. வீரர்தம் குடற்காய்ச்சல் தனியே எண்ணப்பட்டது.

இதனால் ஒரு பிழைக்கருத்து வேரூன்றியது. புதிதாக வந்த ஐரோப்பியரையே குடற்காய்ச்சல் பற்றும். இந்நாட்டார்க்கு அது அரிது என்று மருத்துவர் பலர் எண்ணினர். எண்ணப்படாதது இல்லாததாகக் கருதப்பட்டது. 1896இல் விடால் குருதிச் சோதனை முறையைக் கண்டபின், கல்கத்தாவில் லெனார்டு ராசர்சு அதனைக் கொண்டு ஆய்ந்து, இந்நாட்டாரிடையும் இந்நோய் பரவியிருத்தலைக் காட்டினார். குழந்தைப் பருவத்திலேயே பலரை அது பற்றிச் சென்றது. பிழைத்தோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றனர். இறந்தோர் 'காய்ச்சல்' என எழுதப்பட்டனர். மதிலுக்கு வெளியே இருந்த இடுகாடுகளுக்கு அவ்வாறு வந்து சேர்ந்தோர் எத்துணையர் என்பதை எந்தப் பதிவேட்டாலும் இன்று பிரித்துணர இயலாது. பெயரிடப்படாத நோய்க்குக் காப்பும் தேடப்படாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தடுப்பூசியும் இவ்வழியே சென்றது. ஆல்மிராத் ரைட்டு 1896இல் அமைத்த குடற்காய்ச்சல் தடுப்பூசி முதற்கண் படையினர்க்கே இடப்பட்டது. மதில், கிணறு, கணக்கு, ஊசி ஆகிய நான்கும் கோட்டையை முதற்கண் நோக்கியே அமைந்தன.

செங்குன்றத்து நீர்

நகர் முழுமைக்கும் நீர் வழங்கும் எண்ணம் 1866இல் உருப்பெற்றது. பிரேசர் என்னும் பொறியாளர், கொசத்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்துச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் நீரைத் திருப்பும் திட்டத்தை வகுத்தார். 1872இல் செங்குன்றத்து நீர் கீழ்ப்பாக்கம் வந்து, குழாய் வழியே நகருட் புகுந்தது. ஏழுகிணறு தோண்டிச் சரியாக நூறு ஆண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது.

எனினும் அது காப்பாகவில்லை. ஏரியினின்று கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண்வாய்க்காலில் அந்நீர் வந்தது. வழியில் மாடு இறங்கும், மக்கள் குளிப்பர், மழைநீர் அழுக்கை அடித்துச் சேர்க்கும். வடிகட்டுதல் இல்லை. கேப்டன் டல்லக் 1865இலேயே கழிவுநீர்த் திட்டம் வரைந்திருந்தும் அது உடனே நிறைவேறவில்லை. நீர் மிகுந்தால் கழிவுநீரும் மிகும். அது செல்வதற்கு வழியில்லையெனின் தெருவில் தேங்கிக் கிணற்றில் இறங்கும்.

வடிகட்டலின் பயனை உலகம் 1892இல் கண்கூடாகக் கண்டது. செருமனியில் எல்பு ஆற்றங்கரையில் ஆம்பர்க்கும் ஆல்டோனாவும் ஒட்டிக் கிடந்த நகரங்கள். ஆற்றுநீரை அவ்வாறே பருகிய ஆம்பர்க்கில் வாந்திபேதிக்கு 8000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆற்றின் நீரைக் கீழ்ப்புறத்தில் எடுத்து மணலில் வடித்துப் பருகிய ஆல்டோனா பெரிதும் தப்பியது. சென்னையில் இவ்வறிவு செயலானது 1914இல். மேட்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி திறந்த வாய்க்காலுக்கு மாறாக மூடிய கட்டுக்கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பகங்களும் அமைந்தன. மெல்ல நீர் இறங்கும் மணற்படுகையின் மேற்பரப்பில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று தானே உருவாகி, நோய்தரும் உயிரிகளைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்தும். நகருக்கு வாய்த்த மெய்யான கொத்தளம் அம்மணற்படுகையே எனின் மிகையாகாது. 1899இல் கிண்டியில் தோன்றிய கிங் நிலையம் நோய்த்தடுப்பு ஆய்வுக்கும் நீராய்வுக்கும் இடமாயிற்று.

மருந்தின் வெற்றியும் எல்லையும்

1948இல் குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து குடற்காய்ச்சலைத் தீர்க்கும் என மலாயாவின் கோலாலம்பூரில் மெய்ப்பிக்கப்பட்டது. மூன்று நான்கு வாரம் கிடந்து உயிருக்குப் போராடிய நோயாளி சில நாளில் தேறினார். தடுத்தலை மறந்து தீர்த்தலையே நம்பும் மனப்போக்கு அன்று முதல் வளர்ந்தது. ஆனால் 1972இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத குடற்காய்ச்சல் பரவிற்று. அடுத்து வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாக ஆற்றல் குன்றின. 2016 முதல் பாக்கித்தானின் சிந்து மாநிலத்தில் பரவிய வகை, வாய்வழி மருந்துகளுள் ஏறத்தாழ ஒன்றற்கே அடங்குகின்றது. மருந்தினால் மட்டும் இந்நோயை வெல்ல இயலாது என்பது இதனால் தெளிவாகும்.

இன்றைய நிலை

2017 முதல் 2020 வரை வேலூர், தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் குருதி வளர்ப்புச் சோதனையைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வில், ஓராண்டில் இலட்சம் நகர்ப்புறக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 576 முதல் 1173 வரை குடற்காய்ச்சல் மதிப்பிடப்பட்டது. எண்ணத் தொடங்கியவிடத்து நோய் புலப்படுகின்றது. எனினும் மருத்துவ நிலையங்கள் பலவற்றில் விடால் சோதனை ஒன்றையே நம்பி முடிபு கூறப்படுகின்றது. அச்சோதனை இல்லாத நோயை உண்டென்றும் உள்ளதை இல்லையென்றும் காட்டவல்லது. மருந்து தொடங்குமுன் குருதி எடுத்து வளர்த்துப் பார்த்தலே நம்பத்தக்கது. அதுவும் எல்லா நோயாளரிடத்தும் உயிரியைக் காட்டாது. ஆதலின் பெயரிடுவதில் இருந்த இடர்ப்பாடு முற்றும் நீங்கியதாகக் கூறல் இயலாது.

மூலக்கொத்தளத்தைச் சூழ்ந்த நீர்வழிகளும் நினைக்கத்தக்கன. 1801இல் காக்ரேன் வெட்டத் தொடங்கி எண்ணூர் வரை சென்ற கால்வாய், 1878 முதல் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் வந்து தங்கிய பேசின் அருகே இன்று ஓட்டேரி நல்லாவின் கழிவும் சேர்ந்து ஓடுகின்றது. குழாய்நீர் நாள் முழுதும் வாராத தெருக்களில், நீர் நின்றபோது குழாயினுள் அழுத்தம் குறையும். விரிசல் இருப்பின் அருகிலுள்ள சாக்கடைநீர் உள்ளே உறிஞ்சப்படும். கட்டுப்பள்ளியில் கடல்நீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவு நன்னீராக்கும் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஆலையில் தூய்மையாகிய நீர் அடிபம்பின் வாயிலும் குடத்திலும் தூய்மையாக இருத்தல் வேண்டும். காப்பின் கடைசிச் சில அடிகளே இன்றும் வலுவற்றவை.

தனிமனிதர் செயற்பால சிலவற்றைக் கூறல் பொருந்தும். ஐயத்துக்குரிய நீரைக் கொதிக்க வைத்துப் பருகுதல். முகந்து குடிக்கும் குவளையைக் கை தோயாத பிடியுடையதாகக் கொள்ளுதல். கழிப்பிடம் சென்று மீண்டபின்னும் சமைக்கும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல். முட்டையையும் இறைச்சியையும் நடுப்பகுதி வரை நன்கு வேகவைத்தல். பச்சை இறைச்சி அரிந்த கத்தியாலும் பலகையாலும் அவ்வாறே காய்கனி அரியாதிருத்தல். சமைத்ததை வெப்பமான நாளில் நெடுநேரம் வெளியே வையாதிருத்தல் ஆகியன அவை. நோய் தீர்ந்தபின்னும் சிலர் பித்தப்பையில் உயிரியைத் தாங்கி மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வெளிவிடுவர். 1907இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட மேரி மல்லன் என்னும் சமையற்பெண் இதற்கு முதற்சான்று. நோயின்றியே நோய்தந்த அவ்வம்மையார் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டு தனிமைச் சிறை போன்ற வாழ்வுற்றார். காப்பு வேண்டி மனிதரையே மதிலுக்குப் புறத்தே நிறுத்தும் கொடுமைக்கும் அது சான்றாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. மூலக்கொத்தளம் என்னும் பெயர் மதிலின் மூலையைச் சுட்டியது. நோய்க்காப்பு ஒவ்வொன்றும் கோட்டைக்குள்ளார்க்கு முதலிலும் நகர மக்களுக்கு நெடிது காலம் தாழ்த்தும் கிட்டியது. பதிவேட்டில் தனிப்பெயர் பெறாத நோய், காப்புக்கும் உரியதாகக் கருதப்படவில்லை.

2018இல் நவி மும்பை மாநகராட்சி குழந்தைகளுக்குப் புதிய குடற்காய்ச்சல் தடுப்பூசியைப் பொதுத்திட்டமாக இடத் தொடங்கியது. படைவீரர்க்கு எனத் தோன்றிய காப்பு, ஒரு நூற்றாண்டு கடந்து தெருக் குழந்தையை அடைந்த நிகழ்ச்சி அது. கல்லால் ஆன கொத்தளம் உள்ளார் வெளியார் எனப் பிரித்துக் காத்தது. தூய நீரோ அவ்வாறு பிரித்துக் காக்க இயலாதது. ஒரு தெருவின் கழிவு மறுதெருவின் நீராதலின், எல்லார்க்கும் காப்பானாலன்றி ஒருவர்க்கும் அது முழுக்காப்பு ஆகாது. மதில் மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய இவ்விடத்தின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.